அரிக்காது என்று சொன்னேன்

அவளுடைய கை அவளுடைய உடம்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர.

புக்கிட் ரம்பாயில், தொழிற்சாலைகளுக்குப் பிரியும் சாலையின் முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கேதான் அவள் ரொட்டி சானாய் போட்டாள். ரொட்டிக் கல் எப்போதும் கடையின் முகப்பில் இருக்கும். சாலையில் போகிறவரும் உள்ளே உட்கார்ந்திருப்பவரும் ரொட்டி போடுகிறவரின் கைகளைப் பார்த்தபடியேதான் இருப்பார்கள். மாவு உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவி, காற்றில் வீசித் துணிபோல மெலிதாக்கி, மடித்துக் கல்லில் போடும்வரை கண் நகராது. ஆண்கள் செய்கிற வேலை என்று அதற்குப் பெயர். அண்ணன் கடையில் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். அந்த வட்டாரத்தில் ரொட்டி வீசிய பெண் அவள் ஒருத்திதான்.

மற்ற ரொட்டிக்காரர்கள் நெற்றியைத் துடைப்பார்கள், காதைக் குடைவார்கள், அதே கையால் மாவைத் தொடுவார்கள். அவள் அப்படியில்லை. புருவத்திலிருந்து வியர்வை இறங்கினால் தலையைச் சாய்த்து அது தானாகச் சொட்டும்வரை காத்திருப்பாள். ஒரு காலையில் ஈ ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்து மூக்குவரை மெதுவாக நடந்து போனது. கீழுதட்டை நீட்டி மேலே ஊதினாள். கைகள் கல்லின் மேலேயே இருந்தன.

"அக்கா கை சுத்தம் லா," என்பார்கள் சாப்பிட வருகிறவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது சுத்தம் மட்டும் இல்லை என்று தெரிய எனக்கு நாளாயிற்று. தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிரஸர். மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் மருந்தகத்தில் வேலை பார்த்தவன். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் பிரசவத்திலிருந்து பாம்புக்கடிவரை நான்தான் பார்த்தேன். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது, ஆட்கள் டவுனுக்கும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தார்கள், நானும் ஓய்வு பெற்று புக்கிட் ரம்பாய்க்கு வந்துவிட்டேன். ஆனால் பட்டம் என்னோடு வந்தது. இங்கேயும் டிரஸர் ஐயாதான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கிளினிக்குக்குப் போகுமுன் என் வீட்டு வாசலில் கார் நிற்கும்.

தோட்டத்துக்குள் சிரங்கு புகுந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. அதனால் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், இருக்கும் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்துவேன். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை மருந்து பூசியாக வேண்டும். புண்ணில் பட்டால் நெருப்பாக எரியும். அதன் வாடை அடுத்த லயம்வரை அடிக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். "அரிச்சா ஒட்டும்! ஒட்டுனா எல்லாருக்கும் மருந்து!" என்று நான் கத்துவேன். சிரங்குக்கு அது போதுமான பாடம். அதையே எல்லா அரிப்புக்குமான சட்டமாக அந்த மக்கள் வாய்ப்பாடுபோல மனத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் அவளும் ஒரு சிறுமியாக நின்றிருக்கிறாள் என்பது எனக்கு நினைவில்லை. பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும்.

கடையில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

இரவு ஷிப்ட் முடிந்தவர்களும் லோரிக்காரர்களும் நிறைந்திருந்த காலை நேரம். அவள் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். அன்று மாவுக்குத் தடவும் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து நனைந்துவிட, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். வாடிக்கையாக வரும் லோரிக்காரர் ஒருவர், சத்தமாகப் பேசுகிற ஆள், கல்லுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்னாக்கா அது கையில? குடிஸா?"

சிரங்குக்கு மலாயில் குடிஸ் என்பார்கள். அந்தச் சொல் கேட்டதும் கடையில் பேச்சு நின்றது. ஒருவர் வாய்க்குப் போன ரொட்டியைத் தட்டில் வைத்தார். இன்னொருவர் தட்டையே தள்ளினார். கடை முதலாளி உள்ளேயிருந்து வந்து அவள் முழங்கையைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார்.

"என்னாமா இது? முன்னாடியே சொல்ல வேணாமா? ஹெல்த் ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சா கடையவே மூடிடுவான் லா. அடுப்ப நிறுத்து. வீட்டுக்குப் போ."

அவள் மாவு உருண்டையைக் கையில் வைத்தபடியே நின்றாள். வேலை போய்விட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது.

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சிவந்து தடித்த திட்டு, ஓரம் கோடு போட்டதுபோலத் தெளிவாக இருந்தது. மேலே வெள்ளி நிறத்தில் செதில். இரண்டு முழங்கையிலும் ஒரேமாதிரி. முடி தொடங்கும் இடத்தில் கொஞ்சம். நகத்தில் ஊசியால் குத்தினாற்போலக் குழிகள். சந்தேகமே இல்லை. அவள் கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது சிரங்கு இல்ல. சோரியாசிஸ். தோலு தேவைக்கு மேல வேகமா வளருது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது."

லோரிக்காரர் விடவில்லை. "எப்படி ஐயா நம்புறது?"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். 'ஒட்டாதென்றால் ஒட்டாது, படித்தவன் சொல்கிறேன்' என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: சிரங்கு அரிக்கும், சோரியாசிஸ் அரிக்காது. பரீட்சையில் அதை எழுதிப் பாராட்டு வாங்கியவன் நான்.

"அரிச்சாத்தானேப்பா ஒட்டும்? இது அரிக்காத நோவு. நீயே கேட்டுக்க." அவள் பக்கம் திரும்பினேன். "அரிக்குதாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்லில் ஒரு ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. கடை முழுவதும் அவள் வாயையே பார்த்தது. அவள் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லீங்க ஐயா," என்றாள்.

"பாத்தியா!"

தள்ளிய தட்டுகள் திரும்பி வந்தன. லோரிக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு ரொட்டி கேட்டார். முதலாளி அடுப்பைத் தானே தூண்டிவிட்டார். என் மேசைக்குக் கேட்காமலே நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரேக், வந்தது. ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். 'நல்ல காரியம் செஞ்சீங்க' என்றாள்.

நான் செய்தது என்னவென்று இப்போது தெரிகிறது. ஒட்டாது என்பது உண்மை. அந்த உண்மையை அரிக்காது என்ற பொய்யின் மேல் தூக்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் கை ஒருமுறை உடம்பைச் சொறிந்தால் போதும், அந்த உண்மையும் சேர்ந்து விழுந்துவிடும். அவள் அதைப் புரிந்துகொண்டாள். நான் புரிந்துகொள்ளவில்லை.

என் வாக்கு அந்தக் கடையில் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவன் அவள் கையை உற்றுப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "அது ஒன்னுமில்ல, டிரஸரே பாத்துச் சொல்லிட்டாரு. அரிக்காத நோவு." சொல்லிவிட்டு இருவரும் சேர்ந்து அவள் கையைப் பார்ப்பார்கள். லோரிக்காரருக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

"அக்கா, நானும் வந்ததுலேருந்து பாக்குறேன், ஒரு தடவ கூட சொறியல நீங்க. நானே ரெண்டு தடவ சொறிஞ்சிட்டேன் லா!"

"நீங்க குளிக்கணும்ணே," என்பாள் அவள், முகம் மாறாமல். கடையே சிரிக்கும்.

அவள் மாவு தட்டும் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவிய மேசையில் மாவை அறைந்து அகலமாக்குவாள். மற்றவர்கள் அறைவதைவிட அவள் அறை இரண்டு மடங்கு பலமாக விழும். அந்தச் சத்தத்தை ரசிக்கவே சிலர் முன்மேசையில் உட்கார்வார்கள். வெகுநாள் கழித்து ஒரு காலையில், மேசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். மாவு மேசையில் விழும் அதே நொடியில் அவள் முழங்கையும் மேசை விளிம்பில் மோதியது. மாவுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று. இடம் போதவில்லை போலிருக்கிறது, இடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டேன்.

இன்னொரு நாள் கை கழுவப் பின்பக்கம் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகில், ஐஸ்கட்டிப் பையை இரண்டு முன்கைகளுக்கும் நடுவே இறுக்கி, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. பற்களை அவ்வளவு இறுக்கிக் கடித்திருந்ததில் தாடை எலும்பு தனியாகத் தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துவிட்டாள்.

"கல்லு சூடு ஐயா, தாங்கல."

"நெருப்புல நிக்கிற வேலையாச்சேம்மா," என்றேன். அவள் சட்டைக் கையில் குண்டூசித் தலையளவு இரத்தப் புள்ளிகள் இருந்தன. பார்த்தேன். சூடும் வியர்வையும் அந்தத் தோலை என்ன செய்யும் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் இரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரியும். கேட்கவில்லை.

அதன் பிறகுதான் ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்த நோவுலயே அரிக்கிற மாதிரி ஒன்னு உண்டுங்களா?"

"யாருக்கும்மா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

நான் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "அரிச்சா அது சோரியாசிஸ் இல்லம்மா. சிரங்கு, படை, வேற ஏதாவது இருக்கும்."

"அது ஒட்டுங்களா?"

"அரிச்சா ஒட்டும்மா! தோட்டத்துல தொண்ட கிழியக் கத்தியிருக்கேனே."

"ஆமாங்க ஐயா," என்று சிரித்தாள். "சின்னப்புள்ளையில உங்க வெள்ள மருந்து பூசிக்கிட்டவதான் நானு. எரிச்சல் தாங்காம ரப்பர் காட்டுக்குள்ள ஓடிட்டேன். நீங்கதான் ஆள் விட்டுப் புடிச்சாந்தீங்க."

"அப்பவே போக்கிரியா நீ?"

இருவரும் சிரித்தோம். அவள் போய்விட்டாள். நான் பேப்பரைப் புரட்டினேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: 'வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா?' மருந்தகத்தில் சொறிந்துகொண்டு வரும் யாரிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான். அவளுக்கு இருந்தது சிரங்காக இருந்தால், அவள் கணவருக்கும் மகளுக்கும் எப்போதோ வந்திருக்க வேண்டும். அவர்கள் தோல் பளிங்குபோல இருந்தது. அவளிடம் அதைக் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ரொட்டிக் கல்லில் வேறொரு ஆள் நின்றான்.

"முட்டி வலியாம் ஐயா, நின்னுட்டாங்க," என்றார் முதலாளி. "எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன், வர மாட்டேங்கிறாங்க. இவன் போடுற ரொட்டி செருப்பு மாதிரி இருக்கு."

முட்டி வலி என்பதை நான் நம்பினேன். நின்றுகொண்டே செய்கிற வேலைதானே.

சில மாதம் கழித்து என் சர்க்கரை நோய்க்காக அரசாங்கக் கிளினிக்கில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் போனவர் முழங்கையைச் சொறிந்தபடியே வெளியே வந்தார். அதே வெள்ளிச் செதில், அதே சிவப்பு. உள்ளே இருந்தவர் சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"டாக்டர், நானும் பழைய டிரஸர்தான். இப்போ போனவருக்கு இருக்கிறது சோரியாசிஸ் மாதிரி தெரியுது. ஆனா சொறியிறாரு, கவனிச்சீங்களா? அப்ப அது வேற ஏதோதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரப் பத்தி நான் உங்ககிட்டப் பேசக்கூடாது அங்கிள். பொதுவா சொல்றேன். சோரியாசிஸ் உள்ளவங்கள்ல நெறயப் பேருக்கு அரிக்கும். சிலருக்கு லேசா, சிலருக்குத் தூங்க விடாத அளவுக்கு. ஒன்னு ரெண்டு பேருக்கு இல்லாமலும் இருக்கும். அரிக்கவே அரிக்காதுன்னு ஒரு காலத்துல சொல்லிக் குடுத்தாங்க, அது தப்பு."

"அப்ப அது ஒட்டுமா?" என் வாய் தானாகக் கேட்டது.

"என்னா அங்கிள், நீங்களே இப்படிக் கேக்கலாமா? அரிக்கிறதுக்கும் ஒட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்? சோரியாசிஸ் ஒட்டவே ஒட்டாது. ஆனா சொறியச் சொறிய அந்தக் கோட்டுலயே புதுசா தடிப்பு வரலாம். அதுக்குத்தான் அரிப்ப அடக்க மருந்து குடுப்போம். அரிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே குடுக்க முடியும்?"

வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தேன். நேராக வீட்டுக்கு ஓட்டினேன்.

அவள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அன்று போகவில்லை. மறுநாள் மழை. அதற்கடுத்து மகன் குடும்பத்தோடு வந்தான். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் போகவில்லை. மாலை நடைக்குக் கிளம்பும்போது அவள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போவேன். போய்ச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனத்துக்குள் பலமுறை அமைத்துப் பார்த்தேன்: 'நான் சொன்னது தப்பும்மா.' வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது என் வாயில் உருவாகவே மறுத்தது.

பிறகு அவர்களே வந்தார்கள், மகள் கல்யாணத்துக்கு அழைக்க. அவள் கணவர் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி, சாது. தாம்பாளத்தை அவர்தான் நீட்டினார். அவள் கேட்டுக்கு அருகிலேயே, கார் நிழலில் நின்றுகொண்டாள்.

"உள்ள வாம்மா, பூ வச்சிக்கிட்டுப் போ," என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா, இங்கயே நிக்கிறேன்."

காற்று அவள் பக்கத்திலிருந்து அடித்தது. அதில் ஒரு வாடை வந்தது. என் சட்டையிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் என் வேலைக்காலம் முழுவதும் கூடவே இருந்த வாடை. வெள்ளை மருந்து. எங்கேயோ வாங்கி, கழுத்திலிருந்து கால்வரை, வெடித்துக் கிடக்கும் அந்தத் தோலின் மேல் பூசிக்கொண்டிருக்கிறாள். சிறுவயதில் நல்ல தோலில் பட்டே காட்டுக்குள் ஓடியவள்.

அவள் கணவர் கபடமில்லாமல் சொன்னார்: "நீங்களே கொஞ்சம் சொல்லுங்க ஐயா. பொண்ணு கல்யாணம்னு ஒரு சந்தோஷம் இல்ல இவளுக்கு. தட்டு தனி, துண்டு தனி, பாய் தனி. பொண்ணத் தொடுறதே இல்ல. கட்டிப் புடிக்க வந்தாலும் தள்ளிப் போயிடுறா. அம்மாவுக்கு மாப்பிள்ளயப் புடிக்கலன்னு அது அழுவுது."

"சும்மா இருங்க," என்றாள் அவள். ஆனால் பார்வை என் மேல்தான் இருந்தது. முட்டி வலியும் தனித் தட்டும் வெள்ளை மருந்தும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அன்று அவள் கேட்டது தெரிந்தவர்களுக்காக அல்ல. நான் சொன்ன பதிலைத் தூக்கிக்கொண்டுபோய் வேலையை விட்டாள், மகளைத் தொடுவதை விட்டாள்.

"கண்டிப்பா வர்றேன்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள். 'நல்ல காரியம் செஞ்சீங்க' என்று சொன்ன அதே மனைவி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நலங்கு. வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, மணைப்பலகையில் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பெண்ணின் கன்னத்திலும் கையிலும் பூச வேண்டும். அம்மா தொடங்கி வைப்பதுதான் முறை.

"அம்மா மொதல்ல," என்றாள் பெண்.

அவள் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். "கை ஈரமா இருக்கு. அத்தைய வைக்கச் சொல்லு."

அத்தை, அதாவது அவள் கணவரின் அக்கா, தொடங்கினார். அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி. ஒவ்வொருத்தி வைத்துவிட்டு நகர்ந்ததும் பெண் சமையற்கட்டு வாசலைப் பார்த்தாள்.

"அம்மா, வாங்கம்மா."

"வேல இருக்கு லா. நீங்க முடிங்க."

"ஏன்டியம்மா," என்றார் அத்தை, "ரொட்டிய அந்த வீசு வீசுவ, பெத்த பொண்ணு கன்னத்துல ஒரு விரல் வைக்க உனக்கு என்னா வந்துச்சு?"

கூட்டம் சிரித்தது. பெண் சிரிக்கவில்லை. "நான் தேடிக்கிட்டது புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா," என்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து அவளிடம் போனேன். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"ஒட்டாதும்மா. போய் வை."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "அரிக்குது ஐயா. மொதல்லேருந்தே அரிக்குது."

"தெரியும். இந்த நோவுக்கு அரிக்கும்மா. நான் சொன்னதுதான் தப்பு."

இப்போது திரும்பினாள். "எப்பலேருந்து தெரியும்?"

"கொஞ்ச மாசமா."

அவள் பார்வை ஒரு கணம் தன் சட்டைக் கையில் விழுந்து நிமிர்ந்தது.

"சத்தமா சொல்லுங்க ஐயா," என்றாள். "கடையில என் கையத் தூக்கிப் புடிச்சிச் சொன்னீங்கள்ல, அந்த மாதிரி. அரிக்கும், ஆனா ஒட்டாதுன்னு இவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. நான் போயி வைக்கிறேன்."

திரும்பிப் பார்த்தேன். கடை முதலாளி இருந்தார். லோரிக்காரர் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் என்னிடம் மருந்து வாங்கியவர்கள், தாமான்காரர்கள், என்னை டிரஸர் என்று எழுந்து நின்று வணங்கும் அத்தனை பேரும் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் தாய்க்கு நோய் என்று பறைசாற்றுவதா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். இன்றைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வாயை அடைத்தது அது இல்லை.

"என்னா டிரஸரே," என்று கூவினார் லோரிக்காரர், "பொண்ணு வீட்டுல ரகசியமா?"

எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஒன்னுமில்லப்பா," என்றேன். நான் சத்தமாகச் சொன்னது அதைத்தான்.

அவள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு தொட்டிக்குப் போய்க் கைகளை வெகுநேரம் தேய்த்துக் கழுவினாள். கூடாரத்துக்கு வந்து தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். காம்பை இரண்டு விரல் நுனியில் பிடித்து, இலை முனையை மஞ்சளில் தொட்டு, மகளின் வலது கன்னத்தில் ஒரு இழுப்பு, இடது கன்னத்தில் ஒரு இழுப்பு, கையில் ஒரு இழுப்பு. கண்ணாடிச் சில்லைத் துடைப்பதுபோல அவ்வளவு எச்சரிக்கை. பெண் கண்ணை மூடி அழுதாள். மூடிய கண்ணோடே அம்மாவின் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

நான் காதில் சொன்னதை அவள் பாதி நம்பினாள். அந்தப் பாதி நம்பிக்கையின் அளவுதான் அந்த இலை.

"அட, இது நல்லாருக்கே," என்றாள் அடுத்து வந்த பெண். "கையில மஞ்ச ஒட்டாது." அவளும் ஒரு வெற்றிலையை எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் எடுத்தார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மருந்தை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போ, அரிக்குதென்று மறைக்காமல் சொல், யாரை வேண்டுமானாலும் தொடலாம் என்றேன். தப்பு என்ற சொல்லும் அன்று வாயிலிருந்து எளிதாக வந்தது. கேட்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "பொண்ணு ஜொகூருக்குப் போயிட்டா ஐயா," என்றாள். சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மேலே தள்ளி, என் முகத்தைப் பார்த்தபடி, முழங்கையை நிதானமாகச் சொறிந்தாள். செதில்கள் தரையில் உதிர்ந்தன. நான் எழுந்து வரும்வரை அவள் நிறுத்தவில்லை.

பிறகு அவர்களும் மகளோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து அரிப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் விசாரித்ததாக அவளிடம் சொல்லச் சொன்னேன். பதில் வரவில்லை.

ஆண்டுகள் ஆகிவிட்டன. போன மாதம் எங்கள் தாமானில் ஒரு நலங்கு. பெண்கள் ஆளுக்கொரு வெற்றிலையோடு வரிசையில் நின்றார்கள். இங்கே இப்போது எந்தக் கல்யாணத்திலும் அப்படித்தான். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் விரலால் மஞ்சளைத் தொட்டாள். வரிசையில் இருந்த ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கையால வைக்கக்கூடாதும்மா. எங்க பக்கம் இலையாலதான்."

"ஏன் ஆண்ட்டி?"

"அது பழைய வழக்கம் லா. டிரஸர் ஐயாவக் கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கம்பை ஊன்றி எழுந்தேன். கடையில் பேசிய அதே குரலில், கூடாரத்தின் கடைசி நாற்காலிவரை கேட்கும்படி சொன்னேன்.

"கையாலயே வைங்கம்மா. ஒன்னும் ஒட்டாது."

"ஐயாவுக்கு எப்பவும் வெளயாட்டுத்தான்," என்று அவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.